எஸ்தர் மிஸி சுமந்த பெயர்

செவ்வாய்க்கிழமை காலை மருந்துக்கடையின் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தேன். காதர் நானா அம்பிட்டியவிலிருந்து நடந்தே வந்திருந்தார். மழை இல்லை, ஆனாலும் குடையை விரித்தபடியே நின்றார்.

"ஐயா, மிஸி மவுத்தாகிட்டாங்க," என்றார். "சுபஹுத் தொழுகைக்கு எழும்பின நேரம் அவங்கட அறையில லாம்பு எரிஞ்சிட்டு இருந்திச்சி. விடிஞ்சும் அணைக்கல்ல. என்ட மனுசி போய்த் தட்டிப் பாத்தா. சத்தமே இல்ல."

மருத்துவிச்சி எஸ்தர் மிஸி அவருடைய வீட்டின் பின்னறையில் பல வருடங்களாகக் குடியிருந்தவர். யார் யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று நானா கேட்டார். எனக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை. இந்த மலைப்பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தி எடுத்த ஒருவருக்கு, சாவுச் செய்தி சொல்ல நாங்கள் இரண்டு பேரும் ஆள் தேடிக்கொண்டு நின்றோம்.

மறுநாள் பின்னேரம் அடக்கம். நானா, அவருடைய இரண்டு மகன்மார், ஜெபம் சொல்ல வந்த உபதேசியார், நான், என் மகள் பூமணி. பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. வீதியால் போன ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து தோள் கொடுத்தார். குழியை மூடி முடித்த பிறகு ஹேவாஹெட்டத் தோட்டங்களிலிருந்து மூன்று பெண்கள் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். பஸ் டிரைவர் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியுமாம். அரைநாள் கொழுந்து எடுத்த பிறகுதான் கங்காணி விட்டாராம். "மொகத்தக்கூடப் பாக்கலயே மிஸியம்மா," என்று ஒருத்தி ஈரமண்ணில் கையை வைத்து அழுதாள். அங்கே வாய்விட்டு அழுதது அவள் ஒருத்திதான்.

எஸ்தர் மிஸியை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு எஸ்தர் என்ற பெயர் தெரிந்திருக்காது. கைமுறிச்ச மிஸி என்றால் கண்டி நகரத்தில் கடைக்குக் கடை தெரியும். பிள்ளைப்பேற்றுக்கு அவரைக் கூப்பிடலாமா என்று யாராவது கேட்டால், "ஐயோ, அவவோ? பிள்ளையின்ரை கையை இழுத்து முறிச்சவ எல்லே," என்று பதில் வரும். அந்தப் பெயர் என் வீட்டில் உண்டானது. பூமணியின் வலது கையை வைத்து உண்டானது. அது அவருக்குச் சேர வேண்டிய பெயர் அல்ல என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். பதினைந்து வருடமாகச் சொல்லவில்லை. இப்போது சொல்வதற்குத்தான் பேனையை எடுத்தேன்.

ஹேவாஹெட்டவில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிஸ்பென்சராக இருந்தபோது அவர் மருத்துவிச்சியாக வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், கொழும்பில் படித்தவர், கலியாணம் செய்யாதவர். நெடுத்த ஆள். அட்டை கடிக்கும் பாதையில் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு ஏறிப் போவார். சப்பாத்துக்குள் அட்டை புகுந்தால் தேடிப் பிடிப்பது வில்லங்கமாம், காலில் என்றால் கண்ணுக்குத் தெரியுமாம். அவருடைய நியாயங்கள் எல்லாம் அந்த ரகம்தான்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று இருந்தது. எதைக் கேட்டாலும் தயங்காமல் "தெரியாது" என்பார். பெரிய கங்காணியின் மனைவி வயிற்றைத் தடவிக்கொண்டு ஆணா பெண்ணா என்று கேட்டாள். "தெரியாது. வந்த பிறகு சொல்லுறன்," என்றார். அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. மருந்து கொடுப்பவன் தெரியாது என்று சொன்னால் மருந்து வேலை செய்யாது என்பது அந்நாளில் என் கொள்கை. நான் தெரியாது என்று சொன்னதே இல்லை. எனக்கு எவ்வளவு தெரியும் என்பதை மிஸி அறிவார், ஆனாலும் என்னை ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

என் மனைவி சிவகாமிக்குப் பிள்ளைப்பேற்று நோவு கண்டது ஐப்பசி மழையில், ஒரு மத்தியானம். கீழே பாதை சரிந்து டாக்டரின் வண்டி வர வழியில்லை. மிஸி மட்டும் வந்தார். தலை வெளியே வந்துவிட்டது, தோள் வரவில்லை. மிஸி மெல்லப் பிடித்துப் பார்த்தார், அசையவில்லை. அப்போதுதான் என்னை உள்ளே கூப்பிட்டு, "அடிவயித்திலை எலும்புக்கு மேலை கையை வைச்சு அமத்துங்கோ, நான் தோளைத் திருப்புறன்," என்றார். சிவகாமி நினைவு தப்பிக் கிடந்தாள். பிள்ளையின் முகம் நாவற்பழ நிறத்துக்குக் கறுத்துக்கொண்டு போனது. நான் அமத்தவில்லை. கீழே வந்து, மிஸியின் கைகளைத் தள்ளிவிட்டு, பிள்ளையின் தலையைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காதேயுங்கோ! ஐயா, இழுக்காதேயுங்கோ!" என்று மிஸி கத்தினார். இழுத்தேன். பிள்ளை வந்தது. மிஸி அதைப் பறித்தெடுத்து, வாயில் வாய் வைத்து ஊதி ஊதி அழ வைத்தார். அழும்போது இடது கை காற்றில் அடித்துக்கொண்டது. வலது கை உடம்போடு ஒட்டி, உள்ளங்கை பின்பக்கம் திரும்பி, தொங்கியபடி கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் இழுபட்டிருந்தன. ஊருக்கு நரம்பு விளங்காது, முறிச்சது என்றால் விளங்கும். சிவகாமியின் வீட்டார் தோட்டத்துத் துரையிடம் போய் முறையிட்டார்கள். துரை விசாரித்தபோது நானும் அந்த மேசையின் முன்னால் நின்றேன். "பிள்ளையை எடுத்தது யார்?" என்று கேட்டார். "நான்தான்," என்றார் மிஸி. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. துரை என்னைப் பார்த்தார். நீ அறைக்குள் இருந்தாயா என்று கேட்டார். நான் வெளியே வெந்நீர் வைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். அந்தக் கிழமையே மிஸி தகரப்பெட்டியைத் தலைச்சுமைக்காரனிடம் கொடுத்துவிட்டு மலை இறங்கிப் போனார்.

இரண்டு வருடத்தில் நானும் தோட்டத்தை விட்டுத் திருகோணமலை வீதியில் இந்த மருந்துக்கடையைத் திறந்தேன். கடைக்குப் பின்னால் வீடு. மிஸி அதற்குள் அம்பிட்டியவில் அறை எடுத்திருந்தார். வசதியுள்ள வீடுகளில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேறு ஆள் இல்லாத வீடுகளுக்கும் தோட்டத்து லயங்களுக்கும் போய் வந்தார். மாதத்துக்கு ஒரு தடவை பஞ்சும் கார்பாலிக் சவர்க்காரமும் வாங்க என் கடைக்கு வருவார். கண்டியில் வேறு மருந்துக்கடைகள் இல்லாமலில்லை. பூமணி விளையாடுவதைப் பார்க்கத்தான் வந்தார் என்பது எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து சிவகாமியின் குரல் கேட்டதும் போய்விடுவார்.

அவர் பார்க்கும் விதம் தனி. மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து, பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே, நட்டநடுவில் நீட்டுவார். வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை. எந்தக் கை முதலில் புறப்படுகிறது என்று பார்ப்பார். பிறப்பில் கை பழுதுபட்ட பிள்ளைகள் அவருக்குத் தெரிந்து தோட்டங்களில் சிலர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கொய்யாப்பழத்தோடு அவர்களைத் தேடிப் போய்விடுவார். ஒருமுறை லயத்து வாசலில் ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்து வந்து நிறுத்தினாளாம். "நொட்டாங்கையாலயே வாங்குறான் மிஸியம்மா. அடிச்சும் பாத்துட்டேன், சூடு வைக்கிறேன்னும் சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கிறான்," என்றாளாம். இவர், "வாங்கிற கை எதுவெண்டாலும் பழம் வயித்துக்குத்தானே போகுது," என்று சொல்லிவிட்டு இரண்டாவது பழத்தையும் அதே கையில் வைத்தாராம்.

"இடது கை பழுதான பிள்ளையள் ஒருத்தருக்கும் தெரியாமல் வளந்திடுதுகள்," என்று ஒருநாள் என் கடையில் நின்று சொன்னார். "வலது கை பழுதான பிள்ளைக்குத்தான் ஊர் முழுக்க வாத்தியார்."

அந்த வாத்தியார்களில் முதல் ஆள் நான். பூமணிக்கு ஐந்து வயதானபோது விஜயதசமியன்று கோவிலுக்கு ஏடு தொடக்கக் கூட்டிப்போனோம். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, பிள்ளையை என் மடியில் இருத்தி, குருக்கள் அவளுடைய வலதுகைச் சுட்டுவிரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவித்தார். அந்த விரல் அவர் இழுத்த பக்கமெல்லாம் இழுபட்டது. தற்செயலாகக் கீழே பார்த்தேன். தாம்பாளத்திலிருந்து சிந்திய அரிசியில் பூமணியின் இடது கை தன்பாட்டில் அதே எழுத்தை எழுதிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி, ஆனால் முழு எழுத்தாக. யாரும் பார்க்கும் முன் நான் அதை உள்ளங்கையால் அழித்துவிட்டேன்.

ஒருவர் பார்த்துவிட்டார். மண்டபத்துப் படிக்கு வெளியே, சனத்தோடு சனமாக, மிஸி நின்றார். பூமணியின் வயதுக்கு அன்று அங்கே வருவாள் என்று கணக்குப் பார்த்து வந்திருக்கிறார். நாங்கள் வெளியே வந்ததும் சந்தோஷம் தாங்காமல், "பிள்ளை எழுதிப்போட்டுதே, கண்டனீங்களோ?" என்று கேட்டார். சிவகாமி, "முறிச்ச கையைப் பாக்க வந்தனீங்களோ?" என்றாள். கோவில் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிஸியின் முகத்தில் இருந்த சந்தோஷம் போன விதத்தை நான் கண்டேன். குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் நேரம் கடத்தினேன்.

அதற்குப் பிறகுதான் கட்டத் தொடங்கினேன். சாப்பாட்டு நேரத்தில் பூமணியின் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, கடையிலிருந்த பண்டேஜ் துணியால் கட்டிவிடுவேன். பாவிக்காத கை சூம்பிப்போகும், நல்ல கையைத் தடுத்தால் பழுதான கை வேலைக்கு வரும் என்பது என் வைத்தியம். சோற்றை வலது கையால் உண்ணாத பெண்ணை நாளைக்கு எந்த வீட்டில் பந்தியில் இருத்துவார்கள் என்பது சிவகாமியின் கவலை. மிஸிக்கு எப்படியோ தெரிந்து கடைக்கு வந்தார். அன்றுதான் என்னோடு நிறையப் பேசினார்.

"பயிற்சி குடுக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. கட்டாதேயுங்கோ," என்றார். "இப்ப நரம்பு கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வருகுது, கண்டனீங்கள்தானே, கையைத் தோள் மட்டத்துக்குத் தூக்கிறாள். ஆனால் கை வரேக்கை மூளையிலை அதுக்கு இடம் இருக்க வேணுமே. பிறந்த நாள் தொட்டு அந்தக் கதிரையிலை இடக்கை இருந்து பழகீட்டுது. இனி வலக்கை வந்து பக்கத்திலை நிக்கட்டும். எழும்பு எண்டு அடிச்சால் ரெண்டு கையும் இருக்காது."

"இது ஆர் சொன்னது? எந்தப் புத்தகத்திலை இருக்கு?" என்று கேட்டேன்.

"புத்தகத்திலை இருக்கோ தெரியாது. பிள்ளையளைப் பாத்துச் சொல்லுறன். வலக்கை பிடிக்கட்டும், இடக்கை செய்யட்டும். தேங்காய்ப் பாதியைப் பிடிக்க, கடதாசியை அமத்த, அந்தக் கைக்கும் வேலை இருக்கு."

"அப்ப இவள் பிறப்பிலையே இடக்கைக்காரியோ? இல்லாட்டி இதாலை வந்ததோ?"

"தெரியாது," என்றார்.

எனக்குச் சினம் ஏறியது. வேறு கடை பாருங்கோ என்று சொல்லிவிட்டேன். வாங்கிய பஞ்சைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவர் வெளியே இறங்கினார்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் சாப்பிட உள்ளே போனேன். பூமணி தனியே இருந்தாள். கை பின்னால் கட்டியபடி இருந்தது. வலது கையால் ஒரு பிடி சோற்றை வாய்வரை கொண்டுபோகப் பார்த்திருக்கிறாள்; அது சட்டையெல்லாம் சிந்திக் கிடந்தது. இப்போது குனிந்து, சோற்றுக் கோப்பைக்குள் முகத்தை வைத்து, ஆட்டுக்குட்டி மாதிரித் தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பயந்து நிமிர்ந்தாள். மூக்கில் பருப்பு ஒட்டியிருந்தது. கட்டை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் கத்தரிக்கோலால் வெட்டினேன். அதன் பிறகு என் வீட்டில் எந்தக் கையையும் யாரும் கட்டவில்லை. மிஸி சொன்னது சரி என்று சொல்லியனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். அதையும் செய்யவில்லை.

மலேரியா வந்த வருடத்தில் சிவகாமி போய்விட்டாள். மிஸிதான் கையை முறித்தார் என்ற நினைப்போடுதான் போனாள். அந்த நினைப்பை மாற்ற எனக்குப் பதின்மூன்று வருடம் இருந்தது. அவளுடைய காய்ச்சல் நாட்களில் மிஸி மூன்று தடவை வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், கொதிக்கவைத்த கஞ்சியைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அது எவர் வைத்தது என்று நான் சிவகாமிக்குச் சொல்லவில்லை. சொன்னால் குடிக்கமாட்டாள் என்று அப்போது எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு பூமணி சனிக்கிழமைகளில் அம்பிட்டியவுக்குப் போகத் தொடங்கினாள். நான் வீதி வளைவுவரை கூட்டிப்போய்த் திரும்பிவிடுவேன். அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டால், "தேங்காய் துருவுவம், தைப்பம், கதைப்பம்," என்பாள். ஒரு வருடத்தில் தலைமயிரை இரண்டு கையாலும் பின்னப் பழகிக்கொண்டாள். வலது கை பிடிக்கும், இடது கை பின்னும். என்னால் கட்டிப்போட்டுச் செய்யமுடியாமல் போனதை அவர் கதைத்துக்கொண்டே செய்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் பேராதனைச் சந்திப் புகையிரத நிலையத்தில் மிஸியைத் தற்செயலாகக் கண்டேன். நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு பிள்ளையைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். ரயில் பிந்திவிட்டது. பின்னேர வெயிலில் வாங்குப் பலகையின் அந்த நுனியில் அவர், இந்த நுனியில் நான். வெகுநேரம் பூமணியின் தோளைப் பற்றிப் பேசினோம். எங்கிருந்தோ எனக்குத் துணிவு வந்தது.

"மிஸி, அண்டைக்குத் துரையிட்டை ஏன் நீங்கள் உண்மையைச் சொல்லேல்லை?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தார். "எந்த உண்மையை? நீங்கள் வாறதுக்கு முன்னம் நானும் பிடிச்சனான்தானே. அந்த நரம்பு உங்கடை கையாலை போச்சோ, என்ரை கையாலை போச்சோ, தோள் சிக்கினபடியாலை தானாப் போச்சோ, ஆருக்குத் தெரியும்? நீங்கள் இழுத்திருக்காட்டி பிள்ளை உயிரோடை வந்திருக்குமோ எண்டும் தெரியாது. தெரியாததை நான் என்னெண்டு சொல்லுறது?"

பிறகு அவரே சொன்னார்: "நீங்கள் செய்ததெண்டு சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லை. நானும் அந்த அறைக்குள்ளை நிண்டனான் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம், ஐயா. நான் தனிச்சுப் போனன்."

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. காய்ச்சல் எத்தனை நாள் என்று சொல்வதுபோல் சொன்னார். ரயில் வந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு ஏறினார். அடுத்த நாளே கண்டி முழுவதும் கேட்கச் சொல்லியிருக்கலாம். யாரும் என் வாயைக் கட்டவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பூமணி படித்து முடிக்கட்டும் என்று இருந்தேன். கொஞ்ச நாள் என்பது செவ்வாய்க்கிழமை காலையோடு முடிந்துவிட்டது.

இதுவரை உள்ளதை அச்சுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தவள் பூமணி. என் எழுத்து மருந்துச்சீட்டு எழுத்து, அச்சுக்கோப்பவரால் வாசிக்க முடியாது. அவளுக்கு நான் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. நேரே முகம் பார்த்துச் சொல்ல முடியாததைத் தாளில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான். மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையால் கடதாசியை அமத்திப் பிடித்து இடது கையால் எழுதிக்கொண்டு போனாள். ஐப்பசி மழை வந்த இடத்தில் பேனை நின்றது. மையில் தோய்த்தாள், மறுபடி தோய்த்தாள். பிறகு எழுதினாள். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. தாள்களை அடுக்கி என் முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"மிஸி இருக்கேக்கை ஏன் அப்பா சொல்லேல்லை?"

பயம் என்று சொல்லலாம் என்று பார்த்தேன். அம்மாவுக்காக என்று சொல்லலாம், உனக்காக என்று சொல்லலாம். ஒன்றும் வாயில் நிற்கவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக, "தெரியாது," என்றேன். அவள் எழுந்து உள்ளே போனாள்.

ஆகவே இந்தக் கடைசிப் பகுதி என் சொந்தக் கையெழுத்து. அச்சுக்கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாளாக நேரத்துக்குச் சோறு மேசைக்கு வருகிறது. என்னோடு இருந்து சாப்பிட அவள் வருவதில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பிறகு கூப்பிடவில்லை. எஸ்தர் மிஸியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை பூமணி கேட்ட கேள்வியும், எதிரில் ஆள் இல்லாத இந்தச் சாப்பாடும்தான். பதினைந்து வருடம் அவர் அம்பிட்டியவில் ஒரு பின்னறையில் இவை இரண்டையும் வைத்துக்கொண்டு இருந்தார்.